பக்கத்தில் நிற்பவளுக்கும் தெரிகிறதா

விஜயராணி பதினோரு வருஷம் துணி பார்த்தாள். பார்ப்பதுதான் அவள் வேலை. சாய்வான கண்ணாடி மேசை, அதற்கு அடியில் நான்கு டியூப்லைட். மேலே இருக்கும் உருளையிலிருந்து பனியன் துணி இறங்கி, வெளிச்சத்தின் மேல் வழுக்கிப் போய், கீழே இன்னொரு உருளையில் சுற்றிக்கொள்ளும். ஓட்டை, எண்ணெய்க் கறை, பின்னும் ஊசி பழுதானதால் விழுந்த நீளக் கோடு, எது கண்ணில் பட்டாலும் மிஷினை நிறுத்திச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரம் நின்றபடி பார்ப்பாள். ஆர்டர் நெருக்கினால் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்தால் சுவரும் நகர்வது போல இருக்கும்.

சந்தேகம் வந்தால் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிடுவார்கள். யாரும் எழுதி வைத்த விதி இல்லை, எல்லாக் கம்பெனியிலும் உண்டு. "இங்க வா, உனக்குத் தெரியுதா பாரு." அவளுக்கும் தெரிந்தால் துணியில் பழுது. அவளுக்குத் தெரியாவிட்டால் கூப்பிட்டவளின் கண்ணில் பழுது. அப்படி மூன்று முறை ஆனால், மேசையிலிருந்து இறக்கிப் பிசிறு வெட்ட அனுப்பிவிடுவார்கள்.

விஜயராணியின் பக்கத்து மேசை ரங்காத்தாளுடையது. உள்ளூர்க்காரி, இவளைவிட நான்கு வயது இளையவள், வாய்த்துடுக்கு. விஜயராணி தெற்கே நாசரேத்துக்குப் பக்கத்திலிருந்து தொண்ணூற்று நான்கில் கணவனோடு திருப்பூருக்கு வந்தவள். தொண்ணூற்றெட்டில் கணவன் மஞ்சள் காமாலையில் போனான். பையன் ஜெபக்குமாருக்கு அப்போது பதினான்கு. அங்கேயே ராயபுரத்தில் ஆறு வீடுகளுக்கு ஒரு குழாய் இருந்த காம்பவுண்டில் அவனை வளர்த்தாள். அவன் கோயம்புத்தூரில் இயற்பியல் படித்தான், பிறகு சென்னை, பிறகு ஐரோப்பாவில் ஆராய்ச்சி.

"பொருளு அலையாட்டம் போகுதான்னு பாக்கானாம்" என்பாள் விஜயராணி, யாராவது கேட்டால்.

"அதுக்கு எதுக்குங்க்கா அவ்ளோ தூரம் போகோணும்? நம்ம கம்பெனி வேன்ல ஏறினா எல்லாரும் அலையாட்டத்தான் போறோம்" என்பாள் ரங்காத்தாள்.

2006 கிறிஸ்துமஸுக்கு அவன் வந்திருந்தபோது, விஜயராணி அதை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு இருந்த ஒரே பிடிவாதம் அது: மகன் என்ன சோலி பார்க்கிறான் என்று தனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

அவன் முதலில் அவளுடைய மெல்லிய பருத்திச் சேலையின் முந்தானையைக் கேட்டான். அதை விறைப்பாகப் பிடித்து, அதன் வழியே தெருமுனை விளக்கைப் பார்க்கச் சொன்னான். விளக்கு ஒரு புள்ளியாக இல்லை. நான்கு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளிகளாக விரிந்து நின்றது.

"சிலுவையாட்டம்லா இருக்கு."

"நூல் வரிசையா இருக்குல்லாம்மா, அதுக்கு நடுவுல நுழைஞ்சு வரும்போது வெளிச்சம் விரியுது. அலையா இருந்தாத்தான் அப்படி விரியும். மணலை இது வழியா கொட்டுனா விரியாது, நேரா கீழ விழும்."

"சரி. இது வெளிச்சம். நீ பொருளுன்ன?"

"பொருளும் விரியும். ஒவ்வொரு மூலக்கூறும். ஆனா ரொம்ப ரொம்பக் கொஞ்சமா. அதுக்கேத்த சன்னமான துணி வேணும். நூல் துணி ஆகாது. பெரிய மூலக்கூறு, நூலுல ஒட்டிக்கிடும், உரசும். அதனால வெளிச்சத்துலயே துணி செய்தோம்."

காய் அரியத் திரும்பியிருந்த விஜயராணி அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். "வெளிச்சத்துல துணியா?"

பச்சை லேசர் ஒன்றைக் கண்ணாடியில் அடித்தால் அது வந்த வழியே திரும்பும் என்றான். போகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, நகராமல் நின்றுவிடும். ஒரு வரி வெளிச்சம், அடுத்த வரி இருட்டு, மறுபடி வெளிச்சம். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் அப்படி முந்நூறு வரி. பொடியாக இருக்கும் மூலக்கூறுகளை அடுப்பில் சூடாக்கி ஆவியாக்கி, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் ஓடவிடுவார்கள். முன்னால் ஒரு உலோகச் சல்லடை, பின்னால் ஒன்று, நடுவில் இந்த வெளிச்சச் சல்லடை. வெளிச்சம் எதையும் தடுக்காது. வரி வரியாக ஒரு மெல்லிய தள்ளு கொடுக்கும், அவ்வளவுதான். அந்தத் தள்ளு போதும், மூலக்கூறின் அலை மடங்கி விரிய.

"அப்போ நாங்க துணி வழியா வெளிச்சத்தைப் பாக்கோம். நீங்க வெளிச்சத்து வழியா துணியை ஓட்டுதீங்க" என்றாள்.

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

"விரிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாதுல்லா."

"எண்ணுவோம். கடைசிச் சல்லடையைத் துளித்துளியா நகத்தி, அதைத் தாண்டி எத்தனை வருதுன்னு எண்ணுவோம். கூடி, குறைஞ்சு, கூடி, குறைஞ்சு வந்தா அலை. மாறாம வந்தா ஒண்ணுமில்ல."

"வந்துதா?"

"இன்னும் இல்ல. தெருவுல டிராம் போனாக் கெட்டுரும். உள்ள கொஞ்சம் காத்து மிச்சம் இருந்தாக் கெட்டுரும். ஒரு மூலக்கூறு எந்த வரி வழியா போச்சுன்னு நடுவுல தெரிஞ்சுக்கிட வழி இருந்தாலே போதும், விரியாது."

"பாத்தா வராதா?"

"பாத்தா வராது."

"நல்ல சோலில! பாக்காதவளுக்குக் கூலி தர்ற கம்பெனியை இன்னைக்குத்தான் கேள்விப்படுதேன்." சிரித்துவிட்டு, "அந்தப் பொடி என்ன பொடி?" என்று கேட்டாள்.

"நம்ம சாயத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான்."

"போகும்போது சாயப்பட்டறையில சொல்லி ஒரு கிலோ வாங்கித் தரட்டா?"

"ஒரு சிட்டிகை போதும்மா. ஒரு வருஷம் ஓடும்."

அவன் திரும்பிப் போனான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் ஆராதனை முடிந்து வரும் நேரத்துக்கு அங்கே காலை. அப்போது போன் வரும். "சாப்ட்டியா?" என்பதற்கு அடுத்த கேள்வி, "வரி வந்துதா?" ஒன்பது மாதம் அவன் இல்லை என்றே சொன்னான். குரல் தேய்ந்துகொண்டே போனது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவானோ என்று அவளுக்குத் தோன்றும். வந்தால் வரட்டும் என்றும் தோன்றும். எதையும் சொல்லமாட்டாள்.

2007 ஆகஸ்டில் அந்த வளையம் வந்தது.

மேசையில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. மாலையில் கம்பெனியைவிட்டு வெளியே வந்தால், தெருவிளக்கைச் சுற்றி ஒரு நிற வளையம். எதிரே வருகிற பஸ்ஸின் இரண்டு விளக்குகளுக்கும் தனித்தனி வளையம். வலது புருவத்துக்கு மேல் கனத்த வலி. தூங்கி எழுந்தால் வலியும் இருக்காது, வளையமும் இருக்காது. அதனால் வீட்டு வேலை கூடிய நாள், வெயில் கூடிய நாள் என்று ஒவ்வொன்றாகக் காரணம் வைத்தாள். ரங்காத்தாளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்று அவளுக்குப் பயம். செக்கிங்காரி தன் கண்ணைப் பற்றி வாய் திறக்கமாட்டாள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு சர்ச் வளாகத்தில் இலவசக் கண் முகாம் என்று அறிவித்தார்கள். விஜயராணி பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அறுபத்தி மூன்றாவது பெயர். மதியம் இரண்டு மணிக்கு மேல் வரச் சொன்னார்கள்.

அன்று ஒன்றரைக்குப் போன் வந்தது. அவள் கேட்பதற்குள் அவனே கத்தினான்.

"வந்துட்டும்மா! வரி வந்துட்டு! நேத்து காலையில. கூடி, குறைஞ்சு, கூடி, குறைஞ்சு. நாலு தடவை திருப்பித் திருப்பி ஓட்டிட்டேன்."

"ஸ்தோத்திரம்" என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவன் இருபது நிமிஷம் பேசினான். முப்பது மணி நேரம் தூங்கவில்லை என்றான். அப்படி அவன் சந்தோஷமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அதனால்தான் கேட்டாள். மகனுடைய விஷயம் தனக்கும் தெரியும் என்று காட்டத்தான் கேட்டாள்.

"ஏல, சாயங்காலம் வெளிய வந்தா லைட்டைச் சுத்தி வளையமா தெரியுது. அன்னைக்கு முந்தானையில காட்டுனல்லா, அதாட்டம். இதுவும் விரியுததுதானா?"

"எந்த நெறம் வெளிய?"

"செவப்பு வெளிய. நீலம் உள்ள."

"அப்படியே வருதும்மா! பஞ்சுத் தூசி. ஊரு முழுக்கக் காத்துல பஞ்சுதான். பொடிப்பொடியா அது மேல பட்டு வெளிச்சம் விரியுது. சீரா நெய்த துணியா இருந்தா சிலுவை. தாறுமாறா கெடக்க தூசியா இருந்தா வளையம். செவப்புக்கு அலை நீளம், அது வெளிய போகும். எங்க புரொபசர்கிட்ட சொல்லப்போறேன், எங்கம்மா பாத்தான்னு."

"அப்போ ஒண்ணுமில்லைன்னு சொல்லுத."

"ஒண்ணுமில்லம்மா."

போனை வைத்தபோது இரண்டேகால். முகாமில் இன்னும் ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். கால் வலித்தது. விஜயராணி போகவில்லை. படுத்துத் தூங்கினாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த நல்ல தூக்கம்.

மறுநாள் மாலை பயமில்லாமல் ரங்காத்தாளிடம் சொன்னாள். "அந்த லைட்டைப் பாரு. சுத்தி வளையம் தெரியுதா? பஞ்சுத் தூசில வெளிச்சம் விரியுதது. ஜெபக்குமார் சொன்னான்."

ரங்காத்தாள் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "என்ற கண்ணுக்கு ஒண்ணுந் தெரியிலீங்க்கா. லைட்டு லைட்டாட்டத்தான் இருக்குது."

"உனக்குப் பாக்கத் தெரியல."

"பதினஞ்சு வருசமா அதைத்தானுங்க்கா பாத்துக் கஞ்சி குடிக்கறேன்! டாக்டர்கிட்ட எதுக்கும் ஒருக்காக் காட்டீருங்க்கா."

"அவன் அதையே படிக்கவன். அவனுக்குத் தெரியாதா?"

துணியாக இருந்திருந்தால் ரங்காத்தாளுக்குத் தெரியாதது தன் கண்ணின் பழுது என்று அவளே சொல்லியிருப்பாள். இது துணி அல்ல, மகன் சொன்ன சொல்.

அந்த வருஷம் அப்படியே போனது. பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் கதிர்வேல் ஒரு ரோலைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தான். முதலாளியின் மகன், முப்பது வயதுக்குள் இருக்கும், யாரையும் அதட்டாதவன்.

"ஏனுங்க ராணியக்கா, இந்த ரோல் நீங்க பாத்ததுதானுங்க? ஓரத்துல முழுக்க நீடில் லைன் போயிருக்குதுங். கட்டிங்ல போட்டதுக்கப்புறம் சொல்றாங்க."

ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். வலது ஓரம். விஜயராணி தலையை வலப்பக்கம் திருப்பியபோதுதான் அது தெரிந்தது. நேராகப் பார்த்தபோது அங்கே ஓரமே இல்லை.

"அசந்துட்டேன் தம்பி."

"பரவால்லீங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

அதன் பிறகு அவள் துணியைப் பார்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டாள். தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பார்த்தாள். கழுத்து வலித்தது. ரங்காத்தாள் தன் ரோலை முடித்துவிட்டு, சும்மா வந்து நிற்பது போல நின்று இவளுடைய வலது ஓரத்தைப் பார்த்தாள்.

2008 ஜூலையில் மின்வெட்டு தினமும் பல மணி நேரம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. மேசைக்கு அடியில் டியூப்லைட்டுகள் அணைந்தன. ஜன்னல் இல்லாத கூடம். நாற்பது பேரும் இருட்டில் பேசிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து விளக்கு வந்தபோது விஜயராணி தரையில் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. வாந்தி எடுத்திருந்தாள்.

தெருமுனை மருந்துக்கடையில் பித்தம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் அதைச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் ரங்காத்தாள் வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள். அங்கிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ்.

ஜெபக்குமார் நான்காம் நாள் வந்து சேர்ந்தான். அவன் வந்தபோது வலது கண் முடிந்துபோயிருந்தது. விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் அதற்குத் தெரிந்தது. இடது கண்ணைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஐம்பது வயதுப் பெண்மணி, வேகமாகப் பேசுபவர். விஜயராணியை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கினார். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியே போக ஒரு சின்ன வழி உண்டு. சிலருக்கு அது குறுகலாக இருக்கும். இருட்டில் கண்ணின் பாப்பா விரியும்போது அந்த வழி அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும். தூங்கும்போது பாப்பா சுருங்கித் தானாகத் திறந்துகொள்ளும். ஒவ்வொரு தடவையும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும்.

"கருவிழியில நீர் கோத்துக்கும். அப்போ விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சுதாம்மா?"

ஜெபக்குமார் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான். விஜயராணியால் அவனைப் பார்க்க முடியவில்லை. அவன் மூச்சு நின்றது தெரிந்தது.

"இல்லைங்க" என்றாள்.

"தெரியலையா? சாயங்கால நேரத்துல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பெரும்பாலும் தெரியுமே."

"இல்லைங்க. ஒண்ணும் தெரியல."

"பத்து மாசமா தெரிஞ்சுது, டாக்டர்" என்றான் ஜெபக்குமார். "செவப்பு வெளிய, நீலம் உள்ள. எங்கிட்டதான் கேட்டாங்க."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இடது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். பாப்பாவைச் சுற்றியுள்ள திரையில் ஒரு மிகச் சிறிய துளை. நீர் அந்த வழியே போய்விடும். தாடையை ஒரு தட்டில் வைத்து உட்காரச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. போன வருஷமே வந்திருந்தால் இரண்டு கண்ணுக்கும் இதேதான், பத்து நிமிஷ வேலை என்று நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னாள்.

வெளியே மரத்தடி பெஞ்சில் ஜெபக்குமார் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நான் சொன்னது தப்பு இல்லம்மா. அதுதான். வெளிச்சம் பொடிப்பொடியா எதுலயோ பட்டு விரியத்தான் செஞ்சுது. அது தூசி இல்ல, உன் கண்ணுக்குள்ள தண்ணி. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கணும். பக்கத்துல நிக்கவங்களுக்கும் தெரியுதான்னு. முதல் வருஷப் பையன்கூடக் கேப்பான்."

ரங்காத்தாள் விளக்கைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னதை விஜயராணி அவனிடம் சொல்லவில்லை.

"நானும் பதினோரு வருஷம் அதைக் கேட்டுத்தானல சம்பளம் வாங்குனேன்" என்றாள். "எந்திரி. பசிக்கி."

அவன் ஒரு மாதம் இருந்தான். ஆராய்ச்சியை விடுவதாகச் சொன்னான். "விட்டா எனக்குக் கண்ணு வந்துருமா?" என்று கேட்டு, பெட்டியை அவளே அடுக்கினாள்.

செப்டம்பரில் அவள் கம்பெனிக்குப் போனாள். கதிர்வேல் வாசலுக்கே வந்து, "பேக்கிங்ல உக்காந்து மடிங்க்கா, போதுங்" என்றான். மேசையைப் பற்றி அவளும் கேட்கவில்லை. அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

டீ நேரத்தில் ரங்காத்தாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் முகம் சரியில்லை.

"ஏனுங்க்கா, ஒண்ணு கேக்கோணும். உங்க பையன் தூசின்னு சொன்னான்னு சொன்னீங்கல்லோ. படிச்சவன், தாய் கண்ணுக்கு இப்படியா சொல்லுவான்? ஊருல எல்லாரும் கேக்கறாங்க. எனக்கே மனசு ஆறலீங்."

விஜயராணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். வைப்பதற்கு இடம் எங்கே என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"அவன் அப்படிச் சொல்லல."

"நீங்கதானுங்க்கா சொன்னீங்க!"

"உங்கிட்ட பொய் சொன்னேன். அவன் அன்னைக்கே டாக்டரைப் பாருன்னான். சண்டை போட்டான். கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா பிசிறு வெட்ட அனுப்பிருவாவ, அதனால போகல. நீயும் போகச் சொல்லிக் கழுத்தை அறுத்த. உன் வாயை அடைக்கத்தான் அவன் பேரைச் சொன்னேன்."

ரங்காத்தாள் வெடித்தாள்.

"நீங்க என்ன மனுசிங்க்கா? அப்பேர்ப்பட்ட பையன் அத்தனை தூரத்துல இருந்து கத்தறான், அவன் பேச்சக் கேக்காம, என்றகிட்டப் பொய் வேற! நான் போயி அந்தப் பையனைத் திட்டிட்டிருந்தேனுங்! கண்ணு போனது உங்க கொழுப்புங்க்கா, கொழுப்பு!"

நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது. விஜயராணி தலையைக் குனிந்து அடுத்த பனியனை எடுத்து மடித்தாள். ரங்காத்தாள் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை.

அதன் பிறகு ராயபுரத்திலும் கம்பெனியிலும் அதுதான் கதை. மகன் சொன்னான், தாய் கேட்கவில்லை. விஜயராணி அதை ஒருமுறைகூட மாற்றிச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் நெஞ்சுவலி வந்து ஒரே காலையில் போய்விட்டாள். அவளுக்கு ஐம்பத்தி இரண்டு வயது.

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது ரங்காத்தாள் ஜெபக்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க எத்தனையோ சொன்னீங்களாமுங் கண்ணு, அந்தப் பிடிவாதக்காரி கேக்காமப் போயிட்டாங்களே."

"இல்லக்கா. நான்தான் தப்பாச் சொன்னேன். ஒண்ணுமில்லன்னு நான்தான் சொன்னேன்."

ரங்காத்தாள் அவன் முதுகைத் தடவினாள். "வேண்டாஞ் சாமி. பெத்தவங்க போனா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். எல்லாத்தையும் தம் மேல எடுத்துப் போட்டுக்காதீங்க. அவங்களே அவங்க வாயால சொன்னாங்க, எனக்குத் தெரியாதா?"

அவன் மறுபடியும் சொன்னான். அவள் நம்பவில்லை.